முன்னாடி பிடிச்சா கவிழுமா? பின்னாடி மட்டும் பிடிச்சா நிக்குமா?... பழைய கார்களை ஆட்டிப் படைத்த பிரேக் பயம்!

பிரேக்கை மிதிச்சா கார் நிக்கும். இது இன்னைக்கு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் கார் வந்த புதுசில், சுமார் 30 வருஷத்துக்கும் மேல், பெரும்பாலான கார்களுக்கு முன்சக்கரத்தில் பிரேக்கே கிடையாது என்றால் நம்புவீர்களா?

நம்பித்தான் ஆகணும். இருந்ததெல்லாம் பின்சக்கரத்துக்கு மட்டும்தான். 'முன்சக்கரத்தைப் பிடிச்சா வண்டி குட்டிக்கரணம் போட்டுடும்' என்று கார் கம்பெனிக்காரர்களே பயந்தார்கள். அந்தப் பயத்துக்கு எத்தனையோ உயிர்களை விலையாகக் கொடுக்க வேண்டியதாயிற்று. கடைசியில் பார்த்தால், நிறுத்துகிற வேலையில் பெரும் பங்கை செய்ய வேண்டியதே முன்சக்கரம்தான்! முன்னுக்கு எவ்வளவு, பின்னுக்கு எவ்வளவு என்று பங்கு பிரிப்பதில்தான் மொத்த ரகசியமும் இருந்தது.

எப்படின்னு பார்ப்போம்.

மரக்கட்டையில் ஆரம்பித்த கதை

ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் 1886-ல் காப்புரிமை வாங்கிய மூன்று சக்கர காரில் பிரேக் என்பது ஒரு கட்டைதான். நெம்புகோலை இழுத்தால் கட்டை போய் சக்கரத்தோடு உரசும். குதிரை வண்டியில் இருந்த அதே ஏற்பாடு.

1888 ஆகஸ்டில் அவருடைய மனைவி பெர்தா பென்ஸ், இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு மன்ஹைம் ஊரிலிருந்து பிஃபோர்ட்ஸ்ஹைம் ஊருக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் கார் ஓட்டிப் போனார். மேடு பள்ளமான வழி. இறக்கத்தில் பிடிச்சுப் பிடிச்சே பிரேக் கட்டை தேய்ந்துபோனது. அந்தம்மா என்ன செய்தார் தெரியுமா? வழியில் ஒரு செருப்பு தைப்பவரிடம் போய், கட்டை மேல் தோலை அடிக்கச் சொன்னார். இன்னைக்கு பட்டறையில் 'லைனிங் மாத்தணும்' என்கிறோமே, அதற்கு ஆரம்பம் அந்தத் தோல்தான்.

அப்புறம் காற்றடைத்த டயர் வந்தது. டயர் மேல் கட்டையை வைத்து தேய்த்தால் டயர் கிழிந்துவிடும். அதனால் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் டிரம் வைத்து, அதைப் பிடிக்கிற முறைக்கு மாறினார்கள். பிரான்சில் லூயி ரெனோ 1902-ல் டிரம்முக்கு உள்ளே இருந்து ஷூ விரிந்து பிடிக்கும் முறையைக் கொண்டுவந்தார். அதெல்லாம் சரி. ஆனால் டிரம் எந்தச் சக்கரத்தில் இருந்தது? பின்சக்கரத்தில் மட்டும்!

இறக்கத்தில் பறிபோன இரண்டு உயிர்

1899 பிப்ரவரி 25. லண்டன் பக்கத்தில் ஹாரோ என்ற ஊர். குரோவ் ஹில் என்று ஒரு செங்குத்தான இறக்கம். வாங்க வந்தவருக்கு ஓட்டிக்காட்டுவதற்காக எட்வின் சீவெல் என்பவர் டெய்ம்லர் காரை அந்த இறக்கத்தில் இறக்கினார். வேகம் கூடியது. பிரேக்கைப் போட்டார். மொத்த பாரமும் வேகமும் சேர்ந்து அமுக்க, பின்சக்கரம் தாங்காமல் நொறுங்கியது. உள்ளே இருந்தவர்கள் தூக்கி வீசப்பட்டார்கள். சீவெல் அங்கேயே இறந்தார். உடன் வந்த மேஜர் ஜேம்ஸ் ரிச்சர் சில நாளில் உயிரை விட்டார்.

பிரிட்டனில் கார் விபத்தில் ஓட்டுனரே பலியான ஆரம்பகால சம்பவங்களில் இதுவும் ஒன்று. அந்த இடத்தில் பின்னாளில் நினைவுப் பலகையும் வைத்தார்கள்.

சக்கரம் பலவீனமாக இருந்தது ஒரு காரணம். இறக்கத்தில் நிறுத்துகிற மொத்த வேலையையும் பின்பக்கமே தாங்க வேண்டியிருந்தது இன்னொரு காரணம். இறக்கம் என்றாலே வண்டியின் பாரம் முன்பக்கம் சாயும். அப்படிச் சாயும்போது பின்பிரேக்குக்கு பிடிமானம் குறையும். எங்கே பிரேக் ரொம்பத் தேவையோ, அங்கேதான் அது காலை வாரும்!

பஸ்சில் நின்னு பாருங்க, புரியும்

கூட்டமான பஸ்சில் கம்பியைப் பிடித்து நிற்கிறீர்கள். டிரைவர் சடன் பிரேக் போடுகிறார். என்ன ஆகும்? மொத்த ஜனமும் முன்பக்கம் சாயும். இல்லையா?

காரின் எடையும் அதையேதான் செய்கிறது. பிரேக் போட்டதும் காரின் மூக்கு குனியும், பின்பக்கம் தூக்கும். முன் டயர் ரோட்டை அழுத்திப் பிடிக்கும். பின் டயர் லேசாகிவிடும். டயர் மேல் எவ்வளவு பாரம் இருக்கோ அந்த அளவுக்குத்தான் பிடிமானம். பாரம் குறைஞ்ச சக்கரத்தை எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும், அது ஜாம் ஆகி சறுக்குமே தவிர நிற்காது.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு போடுவோம். 1,000 கிலோ எடையுள்ள ஒரு பழைய கார். நிற்கும்போது முன்சக்கரங்கள் மேல் 450 கிலோ, பின்சக்கரங்கள் மேல் 550 கிலோ. முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் இடைவெளி இரண்டரை மீட்டர். எடையின் மையம் தரையிலிருந்து 75 சென்டிமீட்டர் உயரத்தில். டயருக்கு கிடைக்கும் பிடிமானம், அதன் மேல் உள்ள பாரத்தில் 60 சதவீதம்.

இந்தக் கார் 50 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. பின்பிரேக் மட்டும் என்றால், பிரேக் பிடிக்க ஆரம்பித்ததிலிருந்து நிற்க சுமார் 35 மீட்டர் ஆகும். நாலு சக்கரத்திலும் சரியான அளவில் பிரேக் இருந்தால் சுமார் 16 மீட்டரில் நின்றுவிடும். பாதிக்கும் குறைவு!

இன்னொரு விதமாகச் சொன்னால் பயமே வந்துவிடும். நாலு சக்கர பிரேக் உள்ள கார் அசையாமல் நின்றுவிட்ட அந்த இடத்தைத் தாண்டும்போது, பின்பிரேக் கார் இன்னும் 36 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். அந்த இடத்தில் ஒரு குழந்தை ரோட்டைக் கடந்தால்...? யோசித்துப் பாருங்கள்.

அப்புறம் ஏன் பயந்தார்கள்?

அவர்கள் பயந்ததிலும் கொஞ்சம் நியாயம் உண்டு.

முதல் பயம், குட்டிக்கரணம். சைக்கிளில் முன்பிரேக்கை சட்டென்று பிடித்து ஹேண்டில்பார் மேலேயே விழுந்தவர்கள் எத்தனையோ பேர். 'காரும் அப்படித்தான் ஆகும்' என்று நினைத்தார்கள். ஆனால் சைக்கிள் நீளம் குறைவு, ஆள் உட்காரும் உயரம் அதிகம். கார் நீளமானது, தாழ்வானது. அது தலைகுப்புற கவிழும் முன்பே டயர் சறுக்கிவிடும். இந்தப் பயம் வீண்.

இரண்டாவது பயம், ஸ்டீயரிங். இது நிஜமான பயம். முன்சக்கரம் ஜாம் ஆகிவிட்டால், ஸ்டீயரிங்கை எப்படித் திருப்பினாலும் வண்டி திரும்பாது. நேராகத்தான் போகும். இடது சக்கரம் பிடித்து வலது சக்கரம் பிடிக்காமல் விட்டால் இன்னும் மோசம். ஸ்டீயரிங்கையே கையிலிருந்து பிடுங்கிவிடும்.

மூன்றாவது, வேலை சிக்கல். பின்சக்கரம் திரும்பாது. அதனால் ராடோ கேபிளோ கொண்டுபோய் மாட்டுவது சுலபம். முன்சக்கரம் இடதும் வலதும் திரும்பும், மேலும் கீழும் ஆடும். வளைவில் திரும்பும்போது ராடு இழுபட்டால், டிரைவர் மிதிக்காமலே பிரேக் பிடித்துவிடும். இல்லாவிட்டால் மிதித்தும் பிடிக்காது.

இதனால்தான் உலகத்தையே கார் ஓட்ட வைத்த ஃபோர்டு மாடல் டி காரில் கூட, 1908 முதல் 1927 வரை கடைசிவரைக்கும் முன்பிரேக் கிடையாது. கால் பிரேக் கியர் பாக்சுக்குள் இருக்கும் ஒரு பட்டையைத்தான் பிடிக்கும். கை பிரேக் பின்சக்கரத்தைப் பிடிக்கும். அந்தக் காரை ஓட்டியவர்கள் பலர், பிரேக் போதாமல் ரிவர்ஸ் பெடலையும் சேர்த்து மிதித்து நிறுத்தியதுண்டு!

முதலில் துணிந்தவர்கள்

எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. ஸ்காட்லாந்தின் ஆர்கில் கம்பெனி 1911 வாக்கிலேயே நாலு சக்கர பிரேக்கோடு கார் விற்றது. இத்தாலியில் இசோட்டா ஃபிராஸ்கினி கம்பெனியும் அந்தக் காலத்திலேயே முயற்சி செய்தது.

இதில் முக்கியமானவர் ஹென்றி பெரோ என்ற பிரான்ஸ் நாட்டு என்ஜினீயர். சக்கரம் திரும்பினாலும் ஆடினாலும் பிரேக்கின் இழுவை மாறாதபடி, மூட்டு வைத்த ஒரு தண்டை அமைத்தார். நம்ம முழங்கை மடங்கினாலும் கையின் பிடி விடாத மாதிரி. முன்பிரேக்குக்கு இருந்த பெரிய முட்டுக்கட்டை இதில் விலகியது.

1914 ஜூலை 4-ம் தேதி பிரான்சில் லியோன் நகரில் கிராண்ட் பிரி கார் பந்தயம். 752 கிலோமீட்டர். பெஜோ, டெலாஜ், ஃபியட் கார்களில் நாலு சக்கர பிரேக் இருந்தது. வளைவு வரைக்கும் வேகமாக வந்து, கடைசி நேரத்தில் பிரேக் போட முடிந்தது. ஆனால் ஜெயித்தது யார் தெரியுமா? பின்பிரேக் மட்டும் வைத்திருந்த மெர்சிடிஸ்! முதல் மூன்று இடமும் அவர்களுக்கே. இன்ஜினும், போட்ட திட்டமும் அவர்களைக் காப்பாற்றின. அடுத்த சில வாரங்களில் முதல் உலகப் போர் மூண்டது. முன்பிரேக் கதை அப்படியே கிடப்பில் போனது.

சமமா பிரிச்சா சமநிலை வராது!

போர் முடிந்ததும் நாலு சக்கர பிரேக் மளமளவென வந்தது. இங்கேதான் நிஜமான தலைவலி ஆரம்பம்.

நாலு சக்கரத்துக்கும் ஒரே அளவு பிரேக் கொடுத்தால் நியாயம்தானே என்று தோன்றும். அதுதான் ஆபத்து. மேலே சொன்ன அதே காரை எடுத்துக்கொள்ளுங்கள். முழு பலத்தோடு பிரேக் போட்டால் முன்சக்கரங்கள் மேல் 630 கிலோ வந்துவிடும். பின்சக்கரங்கள் மேல் 370 கிலோதான் மிஞ்சும். ஆளுக்குப் பாதி என்று பிரேக்கைப் பிரித்தால், முன்சக்கரத்துக்கு இன்னும் தெம்பு இருக்கும்போதே பின்சக்கரம் ஜாம் ஆகிவிடும்.

பின்சக்கரம் ஜாம் ஆனால் என்ன? உருளுகிற சக்கரம் பக்கவாட்டில் நகராது. ஜாம் ஆன சக்கரத்துக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. எந்தப் பக்கம் வேண்டுமானாலும் வழுக்கும். முன்பக்கம் மெதுவாகும்போது பின்பக்கம் அதை முந்தப் பார்க்கும். கண் இமைக்கும் நேரத்தில் கார் தட்டாமாலை சுற்றிவிடும். மழை ஈரத்தில் கேட்கவே வேண்டாம்.

முன்சக்கரம் ஜாம் ஆனால் திரும்ப முடியாதுதான். ஆனால் கார் நேராகவாவது போகும். பெடலில் காலை லேசாக எடுத்தால் ஸ்டீயரிங் திரும்பக் கிடைக்கும். சுற்ற ஆரம்பித்த காரை பிடிப்பது அப்படி இல்லை. பழகிய டிரைவருக்கே கஷ்டம்.

அதனால் பின்னாளில் என்ஜினீயர்கள் எடுத்த முடிவு இது. பிரேக்கில் பெரிய பங்கு முன்பக்கத்துக்கு. ஜாம் ஆனாலும் முன்சக்கரமே முதலில் ஜாம் ஆகணும். பயந்து பயந்து முன்பிரேக்கை லொடலொடவென வைத்ததெல்லாம் அத்தோடு முடிந்தது.

இங்கிலாந்தில் 1922-ல் வந்த குட்டிக் கார் ஆஸ்டின் செவனில் ஒரு வேடிக்கை. கால் பெடல் பின்சக்கரத்தைப் பிடிக்கும், கை லீவர் முன்சக்கரத்தைப் பிடிக்கும். எவ்வளவு முன்னுக்கு, எவ்வளவு பின்னுக்கு என்பதை டிரைவரே கையாலும் காலாலும் பார்த்துக்கொள்ளணும். இன்னைக்கு பைக் ஓட்டுறவங்க செய்கிற அதே வேலை! 1930-ல்தான் இரண்டையும் ஒன்றாக இணைத்தார்கள்.

பட்டறையில் பட்ட பாடு

அப்போதைய பிரேக் எல்லாம் ராடும் கேபிளும்தான். புதுசில் நன்றாகப் பிடிக்கும். நாளாக ஆக கேபிள் நீளும், முள் தேயும், லைனிங் ஒரு பக்கம் அதிகமாகத் தேயும். ஒரு சக்கரம் முந்திப் பிடிக்கும், இன்னொன்று பிந்திப் பிடிக்கும்.

மெக்கானிக்குகள் செய்த வைத்தியம் இது. நாலு சக்கரத்தையும் ஜாக்கியில் தூக்குவார்கள். பெடலை கொஞ்சம் அமுக்கி, சீட்டுக்கு முட்டுக் கொடுத்து ஒரு கட்டையை வைப்பார்கள். ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் சுற்றிப் பார்ப்பார்கள். எது இறுக்கம், எது லூஸ் என்று கைக்கே தெரியும். நட்டைத் திருகி சரி செய்வார்கள். அப்புறம் ரோட்டில் ஓட்டி சடன் பிரேக் போட்டு, இறங்கிப் போய் டயர் தடத்தைப் பார்ப்பார்கள். எந்தச் சக்கரம் அதிகமாகத் தேய்த்திருக்கிறது என்று தடமே சொல்லிவிடும்.

இடது வலது பேதத்தைப் போக்க சில கம்பெனிகள் தராசு மாதிரி ஒரு ஏற்பாடு செய்தன. நடுவில் ஒரு சட்டம். இரண்டு முனையிலும் கேபிள். ஒரு பக்கம் லூஸ் ஆனால் சட்டம் சாய்ந்து, இரண்டு பக்கமும் ஒரே அளவாக இழுக்கும். நல்ல யோசனைதான். ஆனால் ஒரு பக்க கேபிள் அறுந்தால் தராசு ஒரேயடியாகச் சாயும். மறுபக்கமும் பிரேக் போய்விடும்!

நாலு சக்கரத்தையும் பிடிக்க கால் பலமும் பத்தவில்லை. 1919-ல் வந்த ஹிஸ்பானோ சுய்சா எச்6 கார், ஓடுகிற காரின் சக்தியையே எடுத்து பிரேக்குக்கு துணை கொடுத்தது. அதே முறையை லைசென்ஸ் வாங்கி, 1924-ல் ரோல்ஸ் ராய்ஸ் நாலு சக்கர பிரேக்குக்கு வந்தது.

அப்போது இங்கிலாந்தில் நாலு சக்கர பிரேக் உள்ள கார்கள் பலவற்றின் பின்னால் சிவப்பு முக்கோண அடையாளம் மாட்டியிருந்தார்கள். எதுக்கு? 'இந்த வண்டி சட்டென்று நின்னுடும். பின்னால் வர்ற நீ சாமி, தள்ளியே வா' என்று எச்சரிக்கத்தான்!

எண்ணெய் தீர்த்து வைத்த பஞ்சாயத்து

பாதி பிரச்சினையைத் தீர்த்தது பிரேக் ஆயில். விமானம் செய்த லாக்ஹீட் சகோதரர்களில் ஒருவரான மால்கம், ராடுக்கும் கேபிளுக்கும் பதிலாக குழாயில் திரவத்தை அனுப்பும் முறையை அமெரிக்காவில் உருவாக்கினார். மூடிய குழாயில் திரவத்தை ஒரு இடத்தில் அமுக்கினால், எல்லா இடத்திலும் ஒரே அழுத்தம் இருக்கும். பாஸ்கல் என்ற பிரான்ஸ் நாட்டு மேதை 17-ம் நூற்றாண்டிலேயே சொன்ன விஷயம்.

இதனால் இடது வலது வித்தியாசம் தானாகவே குறைந்தது. இன்னொரு லாபமும் உண்டு. முன்சக்கரத்தில் பெரிய சிலிண்டர், பின்சக்கரத்தில் சின்ன சிலிண்டர் வைத்தால் போதும். அழுத்தம் ஒன்றுதான், ஆனால் முன்பக்கம் பலமாகப் பிடிக்கும். நட்டைத் திருகித் திருகி வந்த சமநிலை, கம்பெனியிலேயே நிலையாக அமைந்துவிட்டது.

1921-ல் டூசன்பெர்க் கார் இந்த முறையோடு வந்தது. அதே வருஷம் லெ மான்சில் நடந்த பிரெஞ்சு கிராண்ட் பிரியில், ஹைட்ராலிக் பிரேக் போட்ட டூசன்பெர்க்கை ஓட்டிய அமெரிக்கர் ஜிம்மி மர்பி ஜெயித்தார். 1914-ல் தோற்ற முன்பிரேக், ஏழே வருஷத்தில் பழி தீர்த்துக்கொண்டது! 1924-ல் கிரைஸ்லர் கம்பெனி இதை நடுத்தர விலை காரிலும் கொடுத்தது. ஃபோர்டு நாலு சக்கர பிரேக்குக்கு வந்தது 1927 கடைசியில், மாடல் ஏ காரில். அதுவும் ராடு பிரேக்தான். ஹைட்ராலிக்குக்கு மாறியது 1939 மாடலில்!

ஆனாலும் ஒரு குறை மிச்சம் இருந்தது. சிலிண்டர் அளவு மாறாது, காரின் பாரம் மாறும். ஒத்தை ஆள் போனால் ஒரு கணக்கு, பின்சீட்டில் மூன்று பேரும் மூட்டையும் ஏறினால் வேறு கணக்கு. ரோடு காய்ந்திருந்தால் ஒன்று, ஈரமாக இருந்தால் ஒன்று. இதைச் சமாளிக்க பின்பக்க அழுத்தத்தை மட்டுப்படுத்தும் வால்வு வந்தது. 1978-ல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் காரில் பாஷ் கம்பெனியின் ஏபிஎஸ் வந்தது. சக்கரம் ஜாம் ஆகப் போவதை மின்னணு கருவியே கண்டுபிடித்து, பிடியை விட்டு விட்டுப் பிடிக்கும்.

அதே பயம் இன்னும் நம்ம கையில்

காரை விட்டு அந்தப் பயம் போய்விட்டது. இரண்டு சக்கர வண்டியை விட்டு இன்னும் முழுசாகப் போகவில்லை. 'முன்பிரேக்கை மட்டும் தொடாதே' என்று சொல்லியே வண்டி பழக்குகிறவர்கள் நம்ம ஊரில் நிறைய பேர். வளைவிலும், மணலிலும் முன்பிரேக்கை முரட்டுத்தனமாகப் பிடித்தால் ஆபத்து, உண்மைதான். ஆனால் நேர் ரோட்டில் அவசரமாக நிறுத்தும்போது பின்பிரேக் மட்டும் மிதித்தால், 100 வருஷத்துக்கு முந்தைய காரில் போகிற மாதிரிதான். சறுக்கும், நிற்காது.

இதற்காகத்தான் மத்திய அரசு, 2018 ஏப்ரல் முதல் புது மாடல்களுக்கும், 2019 ஏப்ரல் முதல் ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கும் ஒரு விதியைக் கொண்டுவந்தது. 125 சிசிக்கு மேல் போனால் ஏபிஎஸ். 125 சிசி வரையுள்ள வண்டிக்கு ஏபிஎஸ் அல்லது சிபிஎஸ். சிபிஎஸ் என்றால் பின்பிரேக்கைப் பிடித்தாலே முன்பிரேக்கும் கொஞ்சம் சேர்ந்து பிடிக்கும் முறை. ஆஸ்டின் செவனில் 1930-ல் காலையும் கையையும் இணைத்தார்களே, கிட்டத்தட்ட அதே யோசனைதான்.

ஒரு விஷயம் ஞாபகம் இருக்கட்டும். அந்தக் காலத்து கார் மாதிரியே, கேபிளில் இயங்கும் சிபிஎஸ்சிலும் கேபிள் லூஸ் ஆனால் பங்கு மாறிவிடும். சர்வீசுக்கு விடும்போது 'பின்பிரேக் டைட் பண்ணுங்க' என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். முன்பிரேக் எவ்வளவு பிடிக்குது என்பதையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.